சாயவேரும் தறியும் உலக வரலாறும்

(கொழும்பு, வெள்ளவத்தையில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆசியக் கலைகளும் கைத்தொழில்களும் உலக வரலாற்றை எவ்வாறு உருவாக்கின என்பது பற்றிப் பேசும்படி எனக்குப் பணித்திருக்கிறீர்கள். ஆசியாவோ பெரிது, மாலைப்பொழுதோ சிறிது. சீனத்துப் பட்டு, பீங்கான், காகிதம், பாரசீகக் கம்பளம், டாக்கா மசுலின் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சென்றால் அது பொருட்காட்சிச் சாலையின் பட்டியலை வாசித்தது போலாகும், பேச்சாகாது. ஆகவே, உலகம் முழுவதையும் விட்டுவிட்டு ஒரு வேரைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்த வேரைப் பிடித்துக்கொண்டு போனால் உலகத்துக்குப் போய்ச் சேரலாம் என்பது என் எண்ணம்.

மன்னார்த் தீவிலும் யாழ்ப்பாணத்துக் கரையோர மணலிலும் தானாக முளைக்கும் சிறு பூண்டு ஒன்று உண்டு. இம்பூறல் என்பது அதன் பெயர். வைத்தியர்கள் இருமலுக்குக் கொடுப்பார்கள். சிறிய வெள்ளைப் பூ. மிதித்துக்கொண்டு போனாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் அதன் வேர் மண்ணுக்குள்ளே நீளமாக இறங்கும். அந்த வேரின் பட்டையிலேதான் சிவப்பு இருக்கிறது. நம்முடைய முன்னோர் அதைச் சாயவேர் என்றார்கள். சிப்பியும் சங்கும் நொறுங்கிச் சுண்ணாம்பு கலந்த கடற்கரை மணலில் விளைந்த வேரே உத்தமமான சிவப்பைத் தரும் என்பது சாயக்காரர் கண்ட அனுபவம்.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கறுவாவையும் முத்தையும் யானையையும் அவர்கள் எவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டார்கள் என்பதை நம் பாடசாலைப் புத்தகங்கள் சொல்கின்றன. சாயவேரையும் அப்படியே பற்றிக்கொண்டார்கள் என்பதைச் சொல்வதில்லை. வேர் கிண்டும் தொழில் சில சாதியாரின் மீது கடமையாகச் சுமத்தப்பட்டது. குறித்த அளவு வேரைக் குறித்த விலைக்குக் கும்பினியிடம் ஒப்படைக்க வேண்டும். வேறொருவருக்கு விற்கக் கூடாது. பின்னர் வந்த பிரித்தானியரும் தொடக்க காலத்தில் இந்த ஏகபோகத்தை விடவில்லை. முத்துக்குளிப்பு, சங்கு, புகையிலை ஆகியவற்றோடு சாயவேரும் ஒரு வருவாயாக அவர்கள் கணக்கில் நின்றது.

ஒரு புல்லின் வேருக்கு ஏன் இத்தனை காவல்? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பருத்தி சாயத்தை எளிதில் ஏற்காது. கம்பளியும் பட்டும் ஏற்கும், பருத்தி ஏற்காது. ஏற்றாலும் இரண்டு சலவையில் விட்டுவிடும். ஐரோப்பாவில் துணியின் மேல் வண்ணம் அச்சிட்டவர்கள் பசையில் நிறத்தைக் குழைத்துப் பூசினார்கள். தண்ணீர் பட்டவுடன் அது ஓடிற்று. சோழமண்டலக் கரையின் துணியோ, துவைக்கத் துவைக்க நிறம் தெளிந்தது. கப்பலில் வந்த வெள்ளையருக்கு இது மாயவித்தை போலத் தோன்றியதில் வியப்பில்லை.

அது மாயம் அன்று, இரசாயனம். துணியை முதலில் கடுக்காய் நீரிலும் எருமைப் பாலிலும் தோய்த்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு, மேலே தீட்டும் நீர் பரவாமல் தடுக்கும். பிறகு மூங்கில் எழுதுகோலால் வரைவார்கள். கறுப்புக் கோடு வேண்டிய இடத்தில் இரும்புத் துண்டுகளை ஊறவைத்துப் புளித்த நீர். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசல். படிகாரத்துக்கு நிறமில்லை. நிறமில்லாத நீரால் படம் எழுதுகிறான் என்றால் அவன் கண்ணும் கையும் எப்படிப்பட்டவை என்று எண்ணிப் பாருங்கள்! பின்னர் துணியைச் சாயவேர் கொதிக்கும் தாழியில் இடுவார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும்; மற்ற இடத்தில் ஒட்டிய மங்கல், சாணநீரிலும் வெயிலிலும் வெளுத்துப் போகும். அதன்மேல் நீலம் வேண்டுமானால், நீலம் படக்கூடாத இடமெல்லாம் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் அமிழ்த்துவார்கள். மெழுகை உருக்கி எடுத்து, மறுபடியும் பால், மறுபடியும் படிகாரம், மறுபடியும் வேர். ஒரு நல்ல துணி முடியப் பல வாரங்கள் செல்லும்.

இதனை எழுத்தில் யாரும் வைத்திருக்கவில்லை. தகப்பன் கையிலிருந்து மகன் கைக்குப் போயிற்று. படிப்பறியாதவர்கள் என்று நாம் ஒதுக்கிவைத்த மக்கள், உலோக உப்புக்கும் தாவர நிறத்துக்கும் உள்ள உறவை ஐரோப்பாவின் கலாசாலைகள் அறிவதற்கு முன்னரே கையால் அறிந்திருந்தார்கள்.

வெள்ளையர் இந்த இரகசியத்தை எப்படிப் பெற்றார்கள் என்பது சுவையான கதை. 1734 அளவில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, பாரிசில் இருந்த துய்ஃபே என்னும் இரசாயன அறிஞரின் வேண்டுகோளின்படி, புதுச்சேரியில் சாயக்காரர் வேலைசெய்வதை அருகிருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டி ஒட்டிக் குறிப்பெழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதியும் துணித் துண்டுகளும் இன்றும் பாரிசில் பாதுகாக்கப்படுகின்றன. 1742இல் கேர்தூ என்னும் இயேசு சபைப் பாதிரியார், கிறித்தவராக மாறிய சாயக்காரரிடம் கேட்டறிந்து, முழு முறையையும் கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். கடிதம் அச்சேறியது. (சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உறவு உண்டு என்று வில்லியம் ஜோன்சுக்கு முன்னமே எழுதியவரும் இதே பாதிரியார்தான். கெட்டிக்காரர் என்பதில் ஐயமில்லை.) சொல்லிக்கொடுத்த சாயக்காரரின் பெயரை மட்டும் எந்த ஏடும் சொல்லவில்லை.

கும்பினிகள் வந்தது எதற்கு?

ஐரோப்பியர் மிளகுக்கும் கராம்புக்கும் சாதிக்காய்க்கும் வந்தார்கள் என்று படிக்கிறோம். உண்மைதான். ஆனால் மலுக்குத் தீவுகளில் கராம்பு விற்றவன் ஒல்லாந்தனின் கம்பளியை வாங்கவில்லை. வெள்ளிக் காசும் அவனுக்கு அவ்வளவாக வேண்டியிருக்கவில்லை. அவன் கேட்டது சோழமண்டலத்துச் சேலையை. நூற்றாண்டுகளாகத் தமிழ், தெலுங்கு, முஸ்லிம் வணிகர் அவனுக்கு அதைத்தான் கொண்டுபோய்க் கொடுத்து வந்தனர். ஆகவே கராம்பு வேண்டுமென்றால் முதலில் துணி வேண்டும். துணி வேண்டுமென்றால் இந்தக் கரைக்கு வரவேண்டும். சோழமண்டலக் கரை மலுக்குத் தீவுகளின் இடது கை என்று 1612இல் ஹென்ட்ரிக் பிரவுவர் தம் மேலிடத்துக்கு எழுதினார். ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கோட்டை கட்டினர். ஆங்கிலேயர் 1611இல் மசூலிப்பட்டினத்துக்கும் 1639இல் சென்னைக்கும் வந்தனர். தேனியர் 1620இல் தரங்கம்பாடிக்கு வந்தனர். பிரெஞ்சுக்காரர் 1674இல் புதுச்சேரியில் ஊன்றினர். வரைபடத்தை எடுத்து இந்தக் கோட்டைகளைக் குறித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் தறிக்கிராமங்களின் வாசலில் நிற்கும். பேரரசுக்கு அடிக்கல் தறிக்குழியின் கரையில் நாட்டப்பட்டது.

இது புதுப் பழக்கமும் அன்று. ரோமாபுரியின் பிளினி, ஆண்டுதோறும் ஐந்து கோடிச் செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதே என்று அலுத்துக்கொண்டது கிறித்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டில். தாய்லாந்தின் குவான் லுக் பாட் என்னுமிடத்தில் ஒரு சிறு கல் கிடைத்திருக்கிறது. அதில் தமிழ் எழுத்தில் “பெரும்பதன் கல்” என்று பொறித்திருக்கிறது. அது பொற்கொல்லர் ஒருவரின் உரைகல். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் கடல்கடந்துபோன அவர் வாளைக் கொண்டுபோகவில்லை, உரைகல்லைக் கொண்டுபோனார். கொட்டாஞ்சேனை அன்பர்கள் சிலர் இங்கே வந்திருக்கிறீர்கள். செட்டியார் தெருவில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் அதே கல்லை இன்றும் காணலாம். கடாரம் கொண்டான் என்று இராசேந்திரனை மேடைதோறும் முழங்குகிறோம். அவனுக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னே போன பெரும்பதனைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்?

எஃகைப் பற்றியும் பேச ஆசைதான்; பேசினால் விடிந்துவிடும். பலாங்கொடைக்கு அருகே சமனலவெவவில், தென்மேற்குப் பருவக்காற்று மோதும் மலைச்சரிவுகளில் உலைகளை வரிசையாகக் கட்டி, துருத்தி இல்லாமல் காற்றையே ஊதவைத்து இரும்பு உருக்கியவர்கள் ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை இருந்திருக்கிறார்கள். கில் ஜுலெஃப் என்னும் ஆய்வாளர் அத்தகைய உலையொன்றைக் கட்டி எரித்துக் காட்டி, 1996இல் உலகுக்கு அறிவித்தார். சரந்தீபத்து எஃகை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அல்கிந்தி என்னும் அரபு அறிஞர் தம் வாள் நூலில் குறித்துவைத்தார். கொங்கு நாட்டுக் கொடுமணலிலும் உலைகள் கிடைத்தன. அவ்வளவோடு நிறுத்தி மீண்டும் துணிக்கு வருகிறேன்.

துணிக்கு எதிராகச் சட்டம்

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவுக்குச் சோழமண்டலத்துச் சீத்தைத் துணியின் மீது பித்துப் பிடித்தது. 1680களில் சில ஆண்டுகளில் இங்கிலாந்து ஒன்றுக்கே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட துண்டுகள் சென்றன. அரசி முதல் பணிப்பெண் வரை உடுத்தினர். கட்டிலுக்கும் சாளரத்துக்கும் அதையே தொங்கவிட்டனர். கம்பளி நெய்தவனும் பட்டு நெய்தவனும் பதறினான். 1697இல் இலண்டன் நெசவாளர் திரண்டு கிழக்கிந்தியக் கும்பினியின் மாளிகையைத் தாக்கினர். 1719இல் தெருவிலே சீத்தை உடுத்திச்சென்ற பெண்களின் ஆடையைக் கிழித்தனர். மையும் திராவகமும் வீசினர்.

அரசுகள் என்ன செய்தன? பிரான்சு 1686இல் தடைவிதித்தது. அத்தடை 1759 வரை நின்றது. கள்ளமாகக் கடத்தியவர்கள் துடுப்புக் கப்பலில் விலங்கிட்டுக் கட்டப்பட்டார்கள். இங்கிலாந்து 1700இல் ஒரு சட்டமும் 1721இல் அதனிலும் கடுமையான மற்றொரு சட்டமும் இயற்றியது. தடையற்ற வாணிகம் என்று இன்று நமக்குப் பாடம் நடத்தும் நாடுகளின் கதை இது! சந்தையில் போட்டியிட்டுத் தோற்றபோது அவர்கள் சந்தையை மூடினார்கள். மூடியதற்காக நான் அவர்களைக் குறைகூறவில்லை. தம் நெசவாளனைக் காக்க அவர்களுக்கு இருந்த உரிமையை நமக்கு மறுத்தார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

மூடிய கதவின் பின்னால் ஒரு பெரிய முயற்சி நடந்தது. இந்தியத் துணியை வாங்கக் கூடாது. ஆனால் இந்தியத் துணி போன்ற துணி வேண்டும். இங்கிலாந்தின் பருத்தி நூல் பாவுக்குத் தாங்காது; அறுந்துபோகும். ஆகவே பாவுக்குச் சணல்நார் நூலும் ஊடைக்குப் பருத்தியுமாக நெய்தார்கள். நம் நாட்டுப் பெண்கள் இராட்டையிலும் கதிரிலும் இழைத்த நூலைப்போல் நுண்மையும் உறுதியும் உள்ள நூல் எப்படிக் கிடைக்கும்? இந்தக் கேள்விக்கு விடைதேடிய முயற்சிகளே 1760களில் ஹார்கிரீவ்சின் ஜென்னியாகவும், 1769இல் ஆர்க்ரைட்டின் நீர்ச்சட்டமாகவும், 1779இல் குரோம்டனின் மியூலாகவும் வந்தன. ஆர்க்ரைட்டின் எந்திரம் பாவுக்குத் தாங்கும் பருத்தி நூலைத் தந்தது. உடனே அவரும் அவர் கூட்டாளிகளும் பாராளுமன்றத்தை அணுகினர். 1774இல் உள்நாட்டில் செய்த பருத்தித் துணிக்குத் தடை நீங்கியது. கைத்தொழிற் புரட்சி என்று நாம் படிப்பது பெரும்பாலும் இதுதான். ஆங்கிலேயரின் அறிவுக்கூர்மை, நிலக்கரி, முதல் என்று பல காரணங்கள் சொல்வார்கள், அவை பொய்யல்ல. ஆனால் அந்த அறிவுக்கூர்மையைத் துணியின் பக்கம் திருப்பியது எது? பிரசன்னன் பார்த்தசாரதி என்னும் வரலாற்றாசிரியர் 2011இல் வெளியிட்ட நூலில் இதையே விரிவாக நிறுவுகிறார்: இந்தியப் பருத்தித் துணியின் போட்டியே அப்புரட்சிக்குத் தூண்டுகோல். தறிக்குழியில் கால்தொங்க உட்கார்ந்திருந்தவன் மான்செஸ்டரை உண்டாக்கினான். அது அவனுக்குத் தெரியாது. தெரிந்தபோது அவன் தறி நின்றுவிட்டது.

பெருமை பேசிக்கொண்டே போகலாம். ஆனால் மறைக்கக்கூடாத ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் தடைவந்த பிறகு நம் கரைத் துணி எங்கே போனது? ஆபிரிக்காவுக்கு. மேற்காபிரிக்கக் கரையில் மனிதரை வாங்கக் கொண்டுபோன சரக்குகளில் துணியே முதன்மையானது; அத்துணியில் பெரும்பங்கு இந்தியாவில் நெய்தது. கினித்துணி என்றே ஒரு வகைக்குப் பெயர். சேலத்திலும் தஞ்சையிலும் நெய்தவனுக்கு அது யாருடைய விலை என்று தெரிந்திராது. தெரிந்தவன் கப்பற்காரன், இலாபமும் அவனுக்கே. ஆயினும் அந்த நூலில் இந்தக் கறையும் இருக்கிறது. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் தலையில் கட்டும் கட்டத்துணிக்கு “மத்ராஸ்” என்று பெயர். நைஜீரியாவில் திருமணத்துக்கு உடுத்தும் ஒரு துணிக்கு “ஜோர்ஜ்” என்று பெயர்; சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையின் பெயர் அது. மெக்சிக்கோ உழவன் கழுத்தில் கட்டும் பலியாகாத்தே என்னும் குட்டையின் பெயர் பழவேற்காட்டிலிருந்து வந்தது என்று பலர் கருதுகிறார்கள். நம்மை அறியாத மக்கள் நம் ஊர்களின் பெயரைத் தங்கள் தலையிலும் கழுத்திலும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வீழ்ச்சியைப் பற்றிச் சொல்லும்போது நம் மேடைகளில் இரண்டு வாசகங்கள் தவறாமல் வரும். நெசவாளரின் எலும்புகள் இந்தியச் சமவெளியை வெளுக்கச் செய்கின்றன என்று பென்டிங் பிரபு எழுதினார் என்பது ஒன்று. கார்ல் மார்க்சு எடுத்தாண்டதால் அது நிலைத்துவிட்டது. பென்டிங்கின் ஏடுகளில் அதைத் தேடியவர்கள் காணவில்லை. மற்றொன்று, வங்காள நெசவாளரின் கட்டைவிரலை வெள்ளையன் வெட்டினான் என்பது. 1772இல் வில்லியம் போல்ட்ஸ் எழுதியது வேறு. பட்டு நூல் சுற்றுவோர், கட்டாய வேலையிலிருந்து தப்புவதற்காகத் தம் விரலைத் தாமே வெட்டிக்கொண்டனர் என்று அவர் எழுதினார். எது பெரிய கொடுமை என்று நீங்களே சொல்லுங்கள். உண்மையே போதிய அளவு கொடியதாக இருக்கும்போது நமக்குக் கட்டுக்கதை வேண்டியதில்லை. நம் எதிரிகளுக்கு ஒரு பொய்யைக் காட்ட வாய்ப்புக் கொடுத்தால் நம்முடைய நூறு உண்மைகளையும் அதனோடு சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

உண்மையில் நடந்தது இது. முன்பு தென்னாட்டு நெசவாளன் வணிகனிடம் முன்பணம் பெறுவான். வேலை பிடிக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக்கொடுத்து விலகிவிடுவான். அதிகாரி நெருக்கினால் ஊரையே காலிசெய்து கூட்டமாக வேறு ஊருக்குப் போய்விடுவான். ஆளும் சிற்றரசனும் அவனைப் பகைக்க அஞ்சினான். கும்பினியின் கையில் நாடு வந்த பிறகு அந்த உரிமை போயிற்று. வாங்கிய முன்பணம் விலங்காயிற்று. தப்பியோடினால் சேவகன் பிடித்துவந்தான். பின்னர் இங்கிலாந்தில் இந்தியத் துணிக்கு நூற்றுக்கு 70, 80 வீதம் சுங்கம். இங்கே மான்செஸ்டர்த் துணிக்குப் பெயரளவுக்கு ஒரு வரி. எந்திரம் தறியை வென்றது என்பார்கள். எந்திரம் வருமுன்னரே தறியின் கைகள் கட்டப்பட்டிருந்தன.

சாயவேரின் முடிவு வேறு விதம். 1868இல் கிரேபே, லீபர்மன் என்னும் இரு ஜேர்மானிய அறிஞர்கள், வேரிலுள்ள அலிசரின் என்னும் செந்நிறத்தை நிலக்கரித் தாரிலிருந்து செய்தனர். ஒரு சில ஆண்டுகளில் வேரை நாடுவார் இல்லை. 1897இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. மன்னாரில் இம்பூறல் வெறும் இருமல் மருந்தாயிற்று.

இவ்வூர்க் கதை

இந்த வெள்ளவத்தைக்கு வருவோம். ஹவ்லொக் வீதிப் பக்கத்தில் இன்று வானளாவும் மாடிவீடுகள் நிற்குமிடத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை பல்லாண்டுகள் இயங்கிற்று. 1933இல் அங்கே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்றார். சிங்களவரும் மலையாளிகளும் தோளோடு தோள் நின்றார்கள். அவர்களுக்குள் இனப்பகையை மூட்ட நடந்த முயற்சிகளையும் வரலாறு குறித்திருக்கிறது. இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் வரலாறு அந்த ஆலைவாசலைத் தவிர்த்து எழுதமுடியாதது. அங்கே ஓர் அடையாளக் கல்லாவது உண்டா என்று கேட்டால், விடை சொல்வோர் அரிது.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1927 நவம்பரில், காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். அரசியல் பேச வரவில்லை. கதர் நிதிக்குப் பணம் திரட்ட வந்தார். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மக்கள் வாரிக் கொடுத்தார்கள். இராட்டையை அவர் ஆயுதமாக்கியதன் பொருளை, நான் இதுவரை சொன்ன இருநூறாண்டுக் கணக்கை அறிந்தவர்களே முழுவதும் உணர்வார்கள்.

கொழும்பு உலகுக்குத் தந்த மற்றொருவரையும் சொல்லவேண்டும். 1877இல் இந்நகரில் பிறந்த ஆனந்தக் குமாரசுவாமி. தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி; தாயார் ஆங்கிலப் பெண்மணி. சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு மாமன் மகன். கனிப்பொருள் ஆய்வுக்கு அதிகாரியாக 1903இல் நியமனம் பெற்று, கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களுக்குப் போனவர், அங்கே கைவினைஞரைக் கண்டார். தச்சன், கொல்லன், தட்டான், பாய் நெய்பவள் ஆகியோரின் தொழிலை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். “மத்தியகாலச் சிங்களக் கலை” என்னும் அந்நூலை, வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அதே கையச்சு எந்திரத்தில் 1908இல் 425 பிரதிகள் மட்டும் அச்சிட்டார். கைத்தொழிலைப் பற்றிய நூலைக் கைத்தொழிலாகவே செய்தார். சிங்களக் கலையின் பெருமையை உலகறியச் செய்தவர் ஒரு தமிழ்த் தந்தையின் மகன் என்பதைக் கலைக்கு இனமுத்திரை குத்துவோர் எந்தப் பக்கத்திலிருந்தாலும் நினைவிற் கொள்வார்களாக.

கொட்டாஞ்சேனையில் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைக் கருங்கல்லால் இராமநாதன் எழுப்பினார் என்கிறோம். பணமும் பக்தியும் அவருடையவை. அதை மறுப்பார் இல்லை. உளியைப் பிடித்த சிற்பிகள் தென்னாட்டிலிருந்து வந்தவர்கள். தூணைத் தொட்டுக் கும்பிடுகிறோம். தூணைச் செதுக்கியவனை யாரும் கேட்பதில்லை. பொலியூவும் பாதிரியாரும் செய்ததையேதான் நாமும் செய்கிறோம்.

இதில் சாதியைப் பற்றிப் பேசாமல் தப்பமுடியாது. வேர் கிண்டியவர் யார்? சாயம் தோய்த்தவர் யார்? துணி வெளுத்தவர் யார்? கோவில் வாசலுக்கு வெளியே நாம் நிறுத்திவைத்தவர்கள். அவர்கள் செய்த துணி உள்ளே போயிற்று; கொடிமரத்திலும் தேரிலும் ஏறிற்று; அவர்கள் ஏறவில்லை. ஒல்லாந்தன் வேருக்குக் கட்டாய ஊழியம் விதித்தபோது நம்மவரில் மேலிருந்தவர்கள் அவனுக்குக் கணக்கெழுதிக் கொடுத்தார்கள். அந்நியனின் அநீதியைப் பேசும் நாவு இதையும் பேசட்டும்.

இன்றைய நிலைமை என்ன? 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டுத் துணி மலையாகக் குவிந்தது. வடக்கிலும் கிழக்கிலும் கைத்தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 1983 ஆடியில் இந்தக் காலி வீதியின் இருமருங்கும் துணிக்கடைகள் எரிந்ததை நீங்கள் பலர் கண்டிருப்பீர்கள். அதன்பின் போர். மருதமுனை முஸ்லிம் சகோதரர்கள் விடாமல் தறியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய சாரத்துக்கு இன்றும் பெயருண்டு. வன்னியில் 2009க்குப் பின் எழுந்தவை ஆடைத் தொழிற்சாலைகள். நம் பெண்பிள்ளைகள் அங்கே தைக்கிறார்கள். வேலை கிடைத்தது நல்லதே. பசித்தவருக்கு நான் வரலாறு ஓதமாட்டேன். ஆனால் வேறுபாட்டைப் பாருங்கள். அன்று துணியோடு ஊரின் பெயர் போயிற்று: கோழிக்கோட்டிலிருந்து கலிக்கோ, பழவேற்காட்டிலிருந்து பலியாகாத்தே, சென்னையிலிருந்து மத்ராஸ். இன்று நம் பெண்கள் தைக்கும் சட்டையின் கழுத்தில் வேறொருவனின் பெயர்; நாட்டின் பெயர் உள்மடிப்பில் சிறு எழுத்தில். வடிவம் அவனுடையது, துணி அவன் சொன்ன இடத்தில் வாங்கியது, விலையும் அவன் வைத்தது. நம்முடையது விரல் மட்டும்.

இதை மாற்ற முடியுமா? நூலுக்கும் சாயத்துக்கும் என்ன வரி, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு எவ்வளவு கடன், மாகாணத்தின் நெசவு நிலையங்களில் யாருக்கு என்ன பயிற்சி என்பவை தீர்மானிக்கப்படும் இடம் எது என்பதே கேள்வி. சிறு கைத்தொழிலை வளர்க்க மாகாண சபைகள் உள்ளன என்று 1987 முதல் சொல்லிவந்தார்கள். கிழக்குச் சபையின் காலம் 2017இலும் வடக்குச் சபையின் காலம் 2018இலும் முடிந்தன. அதன்பின் ஆண்டு ஆண்டாகத் தேர்தல் வைக்காமல் ஆளுநரைக்கொண்டே நடத்தினார்கள். தறிக்காரன் தன் குறையைச் சொல்ல, அவன் வாக்கால் வந்த ஒருவரும் இல்லாதிருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டு நெசவாளனாவது முன்பணத்தைத் திருப்பி எறிந்துவிட்டு ஊரைக் காலிசெய்து போனான். இவன் எங்கே போவான்?

ஆகவே இக்கூட்டத்தின் முன் நான் வைக்க விரும்பும் வேண்டுகோள்கள் மூன்று. பாடசாலை வரலாற்று நூல்களில் கறுவாவுக்கும் முத்துக்கும் கொடுத்த இடத்தைச் சாயவேருக்கும் தறிக்கும் கொடுக்கும்படி கல்வி அமைச்சுக்குத் தீர்மானம் அனுப்புங்கள். வெள்ளவத்தை ஆலை நின்ற இடத்தில், மும்மொழியிலும் ஒரு கல் நாட்டும்படி மாநகர சபையைக் கேளுங்கள். மூன்றாவது உங்கள் கையிலேயே இருக்கிறது. இங்கே அமர்ந்திருக்கும் வணிகப் பெருமக்கள் பலர் இவ்வீதியில் துணிக்கடை வைத்திருப்பவர்கள். மருதமுனைத் துணியையும் மட்டக்களப்புக் கைத்தறியையும் கடையின் பின்மூலையில் அடுக்காமல், நெய்தவரின் ஊரை எழுதி முன்வரிசையில் வையுங்கள். வைக்க ஒப்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்து தலைவரிடம் பெயரைக் கொடுக்கலாம்.